இனி விறகுக்குப் போக வேண்டாம்

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் குக்கர் வந்த அன்று பாதி ஊர் வந்து பார்த்தது. என் கணவர் அருள்ராஜ், மரவள்ளிக் கிழங்கும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்வரும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். அன்று திரும்பி வரும்போது வண்டியின் முன்சீட்டில் அந்தப் பெட்டியைக் குழந்தையை உட்காரவைத்தது போல வைத்துக் கொண்டுவந்தார். கீழே சோறு வேகும். மேலே ஓட்டை போட்ட தட்டில் இட்லியோ கிழங்கோ ஆவியில் வேகும். வெந்ததும் டக்கென்று பொத்தான் தானாக மேலே ஏறிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கவே வேண்டியதில்லை.

"குடுத்து வெச்சவ நீ," என்றார்கள் பெண்கள். "எங்க ஊட்டுலயும் இருக்குதே ஒண்ணு," என்று தங்கள் புருஷன்மாரை முறைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "எம் பொண்டாட்டி இனி வெறகுக்குப் போக வேண்டாம்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் மூலையில் கிடந்த அரிவாளையும் கயிற்றையும் பார்த்தேன்.

விறகுக்குப் போவது சுகமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. சுமை கழுத்தை ஒடிக்கும், மழைக்காலத்தில் அட்டை காலைப் பிடிக்கும். ஆனால் எங்கள் ஊர் பள்ளத்துக்குள் இருக்கிறது. செல்போன் இருந்தும் சிக்னல் கிடையாது. விறகு பொறுக்கும் பாறைமேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டுக் கோகிலாவும் நானும் சேர்ந்து போவோம். மேட்டில் உட்கார்ந்து, கோகிலாவின் போனில் என் மகள் பூங்குழலியோடு பேசுவேன்.

மலைமேல் வாசலூர்பட்டியில் ஒரு லாட்ஜுக்குக் கான்கிரீட் போட வந்த மணிவண்ணனை அவள் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் கீழ்நாட்டுப் பையன். மலைக்குக் கீழே இருக்கிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. ஊர்க்கூட்டத்தில் என் கணவர் எழுந்து நின்று, தனக்கு மகளே இல்லை என்று சொல்லித் தலைமுழுகினார். அதோடு வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்றாகிவிட்டது. பேளுக்குறிச்சியில் அவள் குடியிருக்கும் தெருமுனையைத் தாண்டித்தான் இவர் சந்தைக்குள் வண்டியைத் திருப்ப வேண்டும். ஒருநாள்கூட ஹாரன் அடித்ததில்லை.

இப்போது அவளுக்கு நிறைமாதம். முறைப்படி தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்திருக்க வேண்டியவள். மணிவண்ணனுக்குத் தாய் இல்லை. அவன் வேலைக்குப் போனபின் தனியாகக் கிடந்துகொண்டு, "இடுப்பு வலிக்குதும்மா, இது அந்த வலியா, சும்மா வலியா?" என்று போனில் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு வேறு ஆள் கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் சோறு தானாக வேக ஆரம்பித்தது.

சும்மா ஏறிப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என் காலை யாரும் கட்டிப்போடவில்லைதான். வாசலைத் தாண்டினால் என் மாமியார் சின்னாயி, "எங்க போற?" என்பார். "வெறகுக்கு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. இப்போது என்ன சொல்வது? கடை, கோயில், எங்கள் மிளகுத் தோட்டம் எல்லாம் பள்ளத்துக்குள்ளேயே இருக்கின்றன. அரிவாளும் கயிறும் இல்லாமல் ஒரு பெண் காட்டுப்பக்கம் நடந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தலை எட்டிப் பார்க்கும். கோகிலா சேதி கொண்டுவந்தாலும் மாமியார் எதிரில் எதைப் பேசுவது?

குக்கரை எப்படியாவது வீட்டைவிட்டு விரட்டப் பார்த்தேன். சாமையை ஊறவைக்காமல் அப்படியே போட்டு, பாத்திரம் நிறையத் தண்ணீரும் ஊற்றிப் பொத்தானை அழுத்தினேன். நுரைத்துப் பொங்கி, மேல்தட்டைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் கஞ்சியாக ஓடியது. உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இதுல சாமை வேகாதுங்க. நம்ம ஊட்டுக்கு இது ஒத்துவராது," என்றேன்.

என் கணவர் கோபப்படவே இல்லை. மறுநாள் பேளுக்குறிச்சியில் போனில் வீடியோ பார்த்துப் பழகி வந்து, தானே சாமையை ஊறவைத்து, தண்ணீரைக் குறைத்து, ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுச் சமைத்தார். பாழாய்ப்போன சாமை உதிரி உதிரியாக வந்து விழுந்தது. மாமியார் மேல்தட்டில் வெந்த கிழங்கை வாயில் போட்டு, "பல்லில்லாத வாய்க்குப் பஞ்சாட்டம் இருக்குது சாமி," என்று மகனின் தலையைத் தடவினார். நான் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மழை பிடித்தது, கரண்ட் போனது. கரண்ட் போனதற்கு நான் அப்படி மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை. மாமியார் கேட்பதற்குள், "வெறகுக்குப் போறேனுங்க அத்தை," என்று அரிவாளைக் கையில் எடுத்துவிட்டேன். முற்றத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. மரமில்லிலிருந்து துண்டு போட்ட விறகை லோடு நிறைய ஏற்றிவந்து தார்ப்பாய்க்கு அடியில் இறக்கிக்கொண்டிருந்தார் அவர்.

"எதுக்குங்க இத்தனை வெறகு? காட்டுல சும்மாதான கெடக்குது?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "காட்டுல வெறகு மட்டுமா கெடக்குது? சிக்னலுந்தான் கெடக்குது. கோகிலா போனுல நீ யாருகிட்டப் பேசறேன்னு எனக்குத் தெரியாதா? குக்கர் எதுக்கு வாங்குனேன்னு நெனச்ச?"

கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தேன்.

"உன்னைய அடிக்கோணும்னோ சண்டை போடோணும்னோ எனக்கு இல்ல. ஊரு முன்னால ஒரு சொல்லு சொல்லிப்போட்டேன். அது நிக்கோணும். அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தார்.

அடித்திருந்தால் அழுதிருப்பேன், நாலு பேரிடம் காயத்தைக் காட்டியிருப்பேன். குக்கரை யாரிடம் காட்டுவது? எல்லாரும் ஏற்கெனவே வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போயாயிற்று. அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள். கரண்ட் வந்தபின் மறுபடி அதில்தான் சமைத்தேன். மூடி ஓரமாக ஆவி வந்துகொண்டிருக்கும். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்காது. அந்த வலியா, சும்மா வலியா என்று அவள் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டே அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோகிலா ஒரு முறத்தில் கிழங்கோடு வந்தாள். "அக்கா, இதக் கொஞ்சம் ஆவியில வெச்சுத் தாங்க," என்று என் பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்தாள். தட்டில் கிழங்கை அடுக்குகிற சாக்கில் என் காதோரம் குனிந்தாள். பெண் குழந்தை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நேற்று பிறந்ததாம். இரண்டு பேரும் நலமாம். "அப்புச்சி சாடையாமாக்கா, நெத்தி அப்படியே நம்ம அருளண்ணனோடதாம். வலி எடுத்ததுல இருந்து உங்களைத்தான் கூப்புட்டுக்கிட்டே கெடந்தாளாம்," என்றாள். நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

கோகிலா என் உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை வைத்தாள். வெளியே போய் மாமியாரின் கையில் வைத்தாள். என் கணவரின் சோற்றுத் தட்டின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை வைத்தாள். குழந்தை பிறந்தால் சர்க்கரை கொடுப்பது எங்கள் வழக்கம், யாரும் மறுக்கமாட்டார்கள். "எனக்கு வேண்டப்பட்ட புள்ளைக்குப் பிரசவம் ஆச்சுங்கண்ணா. தாயும் கொழந்தையும் நல்லா இருக்கறாங்க," என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அவளுக்கு நெஞ்சழுத்தம் அதிகம், நல்ல வேளை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். மாமியார் சர்க்கரையை வாயில் போடாமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் சர்க்கரையைச் சோற்றில் படாமல் ஒரு விரலால் ஓரமாக ஒதுக்கினார். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன கொழந்தையாம்?"

பெண் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் மகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தபோது நான் இந்தக் குக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேனே, அந்த ஆத்திரம் முந்திக்கொண்டது.

"எனக்கென்னங்க தெரியும், பள்ளத்துக்குள்ள கெடக்கறவ," என்றேன். "தெரியோணும்னா மேட்டுக்குப் போயி நீங்களே போன் பண்ணிக் கேளுங்க."

அவர் கையைக் கழுவினார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். எதிர்வீட்டுக்காரர்கள் வெயிலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். "என்ன அருளு, சாப்பாடாச்சா?" என்று கேட்டார்கள். "ஆச்சுங்க," என்று சொன்னவர், நிலைப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடலாம், பெண் குழந்தை என்று சொல்லி, நெற்றி உங்களோடதாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கேட்கவில்லை.