எடுக்கிற வரைக்கும்

மயிலாள் கதவுக் கீல்களுக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கோழி இறகால் தொட்டு மேல் கீலில் ஒரு சொட்டு, கீழ்க் கீலில் ஒரு சொட்டு. பிறகு கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தாள். முனகல் நின்றிருந்தது.

உள்ளே ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன் ராசப்பன் கிடந்தார். தலையும் குதிகாலும் கட்டிலைத் தொட்டன, நடுமுதுகு தொடவில்லை. தாடை பூட்டிக்கொண்டதில் பல் தெரிந்தது. தள்ளி நின்று பார்த்தால் சிரிக்கிறார் என்று தோன்றும்.

ஆஸ்பத்திரியில் ரண ஜன்னி, டெட்டனஸ் என்றார்கள். ஊசி போட்டார்கள். வார்டில் வாளி உருளும், குழந்தை அழும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் உடம்பு வில்லாய் வளைந்தது. "இருட்டும் அமைதியும்தாம்மா இனி மருந்து. வீட்ல அது குடுக்க முடியும்னா கூட்டிட்டுப் போங்க. இந்த வாரத்தைத் தாண்டிட்டா பிழைச்சுக்குவார்" என்றார் டாக்டர்.

முடியும் என்று சொல்லித்தான் கூட்டிவந்தாள். வந்ததிலிருந்து வீட்டிலிருந்த சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அடைத்துக்கொண்டிருந்தாள். பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே பனியன் வேஸ்ட் துணி. சேவல் அடுத்த தெருவுக்குப் போயிற்று. சிமெண்டுத் தரையில் டக்கென்கிறதே என்று கால் மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதைக் குப்பாயி பார்த்துவிட்டாள். ராசப்பனின் அக்கா, அவிநாசிபாளையத்திலிருந்து துணைக்கு வந்திருந்தவள்.

"ஏன்டி மயிலா, கட்டுனவன் உசுரோட கெடக்கறப்பவே மெட்டியக் கழட்டறவள நான் எங்கயும் பாத்ததில்ல" என்றாள் குசுகுசுவென்று.

"சத்தம் கேக்குதுங்க நங்கையா."

"உன்ற மெட்டியா அவனக் கொல்லுது? அதோ தொங்குது பாரு, அந்தப் பொட்டி. அத அன்னைக்கே அடுப்புல வெச்சிருந்தீன்னா நானும் எங்க ஊர்லயே இருந்திருப்பேன்."

சுவரில் ஆணியில் கிடார் தொங்கியது.

ராசப்பன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு, ஒரு கல்யாணத்தில் மெல்லிசைக் குழு வாசித்தது. எல்லோரும் பாடுகிற பெண்ணைப் பார்க்க, அவர் மட்டும் கிடார்க்காரனின் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கை வேலதான மயிலா. கை வேல எனக்கு வராமப் போயிருமா?" என்றார் திரும்பி வரும் வழியில். துணியை அடுக்கடுக்காகப் போட்டு இழை பிசகாமல் வெட்டுகிற கை அது. பழைய கிடார் ஒன்று வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி, மாரப்பன் என்ற இளைஞனிடம் கற்றுக்கொண்டார். அவனை வாத்தியாரே என்பார். மறந்துபோனால் கண்ணு என்பார்.

கை வரவில்லை. கத்தரி பிடித்துக் காய்த்தது வலது கை. கம்பியை அழுத்த வேண்டிய இடது விரல்கள் வெறும் சதையாக இருந்தன. ஒரு விரலை வைத்தால் இன்னொன்று எழுந்துகொள்ளும். எத்தனையோ மாதமாகியும் ஒரே பாட்டின் முதல் அடியைத் தாண்டவில்லை.

"ஏனுங்க மாஸ்டர், அடுத்து சலங்கை எப்பக் கட்டறீங்க?" என்று கம்பெனியில் கேட்டார்கள்.

"உன்ற கால்ல கட்டி உட்டுட்டு நான் வாசிக்கறேன்" என்பார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி முதல் அடி.

"ஒரே ஒரு பாட்டு. முழுசா வாசிக்கோணும். நீ உக்காந்து கேக்கோணும். வேறொண்ணும் வேண்டாம் எனக்கு" என்பார் அவளிடம். அவள் அடுப்பில் எதையாவது கிளறியபடி "செரீங்க" என்பாள். உட்கார்ந்ததில்லை.

சுருதி சேர்ப்பதும் அவருக்குப் பிடிபடவில்லை. மாரப்பன் சேர்த்துக் கொடுப்பான். கம்பியின் முறுக்காணி திரும்பிவிடாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். ஒரு தடவை தானே முறுக்கப் போனதில் கம்பி அறுந்து உள்ளங்கையில் ஆழமாக இறங்கிற்று. கத்தரி பட்டால் கம்பெனியில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். மிஷினுக்கடியில் கிடந்த பஞ்சை மிஷின் எண்ணெயில் நனைத்துக் காயத்தில் அடைத்துக் கட்டினார். ரத்தம் நின்றது. அடுத்த ஞாயிறு புதுக் கம்பி போட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம்தான் தாடை இறுகியது.

காலைச் சோற்று நேரத்துக்குக் கரண்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கிட்டுசாமியின் நிட்டிங் மிஷின்கள் ஓடத் தொடங்கின. ராசப்பனின் உடம்பு எழும்பி, நடுங்கி, வெகுநேரம் கழித்து இறங்கியது. மயிலாள் அவர் வாயோரத்து நுரையைத் துடைத்தாள். குப்பாயியை உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பக்கத்து வாசற்படியை அவள் அதுவரை மிதித்ததில்லை. கிட்டுசாமி அவளைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தான்.

"வாங்கக்கா. மாஸ்டருக்கு எப்படிங்க இருக்குது?"

"சத்தம் பட்டா இழுக்குதுங்க தம்பி. இந்த வாரம் தாண்டிட்டாப் பொழைச்சுக்குவாருன்னாங்க. மிஷின..."

அவன் திரும்பி மிஷின்களைப் பார்த்தான். "நானென்ன பண்ணட்டுங்க சொல்லுங்க. கரண்டு எப்ப வருது, எப்பப் போகுதுன்னு தெரியல. இருக்கறப்ப ஓட்டாம உட்டா, கம்பெனியப் பூட்டிட்டு நான் ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதானுங்க. கல்கத்தாக்காரன் தந்திக்கு மேல தந்தி அடிக்கறான்."

அவள் போகவில்லை. நின்றாள்.

"செரீங்க, ஒண்ணு பண்றேன். செவுத்தோரத்து மிஷின் ரெண்டையும் நிறுத்திப்போடறேன். கரண்டு போயிட்டு வந்தா, எல்லாத்தையும் ஒண்ணாப் போடாம ஒண்ணொண்ணாப் போடச் சொல்றேன். போதுமுங்களா?"

"போதுமுங்க தம்பி."

போதாது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டுப் பழக்கமில்லை.

வீட்டுக்குள் இரைச்சல் சற்றுக் குறைந்திருந்தது. ஆனால் புதிதாக ஒரு முனகல் கேட்டது. நின்று கவனித்தாள். கிடார். மிஷினின் அதிர்வு சுவருக்கு வந்து, சுவரிலிருந்து ஆணிக்கு வந்து, யாரும் தொடாமலே அதன் தடித்த கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்தாள், நின்றது. எடுத்தாள், மறுபடி முனகியது.

அப்படியே தூக்கினால் இருட்டில் கை பட்டு எல்லாக் கம்பியும் அலறும். முதலில் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் மாரப்பன் சேர்த்துக் கொடுத்த சுருதி போய்விடும். கட்டிலைப் பார்த்தாள். அவர் விழித்திருந்தார். உடம்பை முறிக்கிற அந்த நோய் நினைவை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

"தளத்தட்டுங்களா?" உதட்டை மட்டும் அசைத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சரி என்கிறாரா, பார்க்க முடியாது என்கிறாரா, தெரியவில்லை.

அவள் முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருகினாள். கம்பிகள் தொய்ந்து தொங்கின. கிடாரைப் பாயில் சுற்றி அடுக்களைக்குக் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

மதியத்துக்கு மேல் கரண்டு போயிற்று. தெருவே பேச்சை நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது. குப்பாயி சுவரில் சாய்ந்தவாக்கில் தூங்கிப்போனாள். ராசப்பனின் முதுகு கொஞ்சங் கொஞ்சமாக இறங்கி, கயிற்றுக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. மயிலாள் சத்தமில்லாமல் அருகில் போனாள்.

அவருடைய இடது கை கட்டிலின் ஓரத்தில் இருந்தது. உடம்பெல்லாம் மரமாகியும் விரல்கள் இளக்கமாகவே இருந்தன. அவை கட்டில் கயிற்றின் மேல் நகர்ந்தன. சுட்டுவிரல் ஒரு கயிற்றை அழுத்தியது. நடுவிரல் அடுத்த கயிற்றை. மோதிரவிரல் அதற்கும் அடுத்ததை. எதுவும் எழுந்துகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, மூன்றும் சேர்ந்து வேறு இடத்துக்குப் போயின. அங்கேயும் அழுத்தி நின்றன.

மயிலாள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். கேட்பதற்கு ஒன்றுமில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் முதல் அடியைத் தாண்டிவிட்டனவா என்று அவளுக்குத் தெரியாது. வெகுநேரம் நகர்ந்துகொண்டிருந்தன. இந்த வாரத்தைத் தாண்டிவிடுவார் என்று அப்போது நினைத்தாள்.

கிட்டுசாமி சாப்பிடப் போயிருந்தான். ஆட்களிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். ஆனால் கரண்டு போனபோது யாரும் சுவிட்சை அணைக்கவில்லை. எப்போதுமே அணைப்பதில்லை, கரண்டு வந்தால் மிஷின் தானாக ஓடட்டும் என்று விட்டுவிடுவதுதான் அந்தத் தெருவில் பழக்கம். ஆட்கள் வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கரண்டு வந்தது. சுவரோரத்து இரண்டைத் தவிர எல்லா மிஷினும் ஒன்றாக எழுந்தன.

மயிலாள் அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள். அழுந்தவில்லை. உள்ளே போன மூச்சு வெளியே வர வழியில்லாமல் முகம் கறுத்தது. இடது கை ஒரு கயிற்றைப் பற்றியிருந்தது. பிறகு முதுகு இறங்கிற்று. மெல்ல, முழுவதுமாக இறங்கி, கயிற்றில் படிந்தது. அவள் முதலில் நிம்மதிதான் பட்டாள்.

குப்பாயியின் குரல்தான் அவளைத் திருப்பிற்று. "அட என்ற சாமீ..." என்று அவள் எடுத்த குரல், அடைத்துவைத்த வீடு முழுவதும் போய் முட்டியது. மயிலாள் பதறிக் கட்டிலைப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

கிட்டுசாமி ஓடிவந்தான். கை கழுவிய ஈரம் காயவில்லை. வாசலில் நின்று தோளில் இருந்த துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி மிஷினும் நின்றது.

"நிறுத்தச் சொல்லிட்டனுங்கக்கா. எடுக்கிற வரைக்கும் ஒரு மிஷின் ஓடாதுங்க."

மயிலாள் அவனைப் பார்த்தாள். "கரண்டு போயிருச்சுங்களா தம்பி?"

"இல்லீங்க, இருக்குதுங்க." அவன் அவள் கேட்டதைப் புரிந்துகொள்ளவில்லை. "இருந்தா என்னங்க? பக்கத்தூட்டுல பொணத்தப் போட்டுட்டு மிஷின் ஓட்டற ஊருங்களா இது? நாளைக்கு எடுத்தாலும் செரி. கல்கத்தாக்காரன் காத்துட்டுக் கெடக்கட்டும்."

"செரீங்க" என்றாள்.

தெரு முழுவதும் அமைதியாக இருந்தது. அடுத்தடுத்த கம்பெனிகளிலும் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். எங்கோ ஒரு வீட்டில் குடத்தில் தண்ணீர் நிறைகிற ஓசைகூடக் கேட்டது.

நல்லூரிலிருந்து உறவுக்காரப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கொண்டையை அவிழ்த்துக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு வாசலேறினார்கள். முதல் குரல் எழுந்தபோது மயிலாளின் கை தானாக உயர்ந்தது. விரல் உதட்டை நோக்கிப் போயிற்று. அது போய்ச் சேருமுன் முன்னால் வந்தவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி தோளைப் பிடித்தாள். வட்டம் கூடிற்று. அவளையும் சேர்த்துக்கொண்டு அசையத் தொடங்கியது.