போட்டிக்கு ஓர் ஆள்

மகளுக்கு இயந்திரப் பொறியியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மாதக் கடைசிக்குள் கட்டணத்துக்கு வழி சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். பெரிய பெரிய உதவித்தொகைகளுக்கெல்லாம் விண்ணப்பித்தாள். எல்லாவற்றிலிருந்தும் ‘வருந்துகிறோம்’ என்றே பதில் வந்தது. ஊரே முண்டியடிக்கிற வாசலில் போய் நின்றால் வேறென்ன கிடைக்கும்?

“கூட்டம் இல்லாத இடமாப் பாத்துப் போடணும்மா. உங்க சலவை நிலையத்துச் சங்கத்துல எதுவும் தரமாட்டாங்களா?” என்றாள் மகள்.

“எங்க சங்கமா? கூட்டம் போட்டா டீகூட அவங்கவங்க காசுலதான்!” என்றாள் அம்மா.

அவளை வேலையிடத்தில் எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் சூடான உருளையில் தேய்ந்து வெளியே வரும்போது பிடித்து மடிப்பது அவள் வேலை. மகளின் நச்சரிப்புத் தாங்காமல் சங்கச் செயலாளரிடம் கேட்டுவைத்தாள்.

“இருக்கே! தொழிலாளி பிள்ளைங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. படிப்பு முடியிற வரைக்கும் முழுக் கட்டணமும் உண்டு. நமக்கெல்லாம் எங்க குடுக்கப்போறாங்கன்னு யாரும் கேக்குறதே இல்ல.”

மடிப்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வார்த்தையிலேயே மனிதர் அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார்.

“ஆனா ரெண்டு பேராவது போடணும்க்கா. முன்னால செயலாளரா இருந்த ஒருத்தர் யாருக்கும் சொல்லாம தன் அக்கா பையனுக்கே குடுத்துட்டார். அதுலேருந்து ஒரே ஆள் வந்தா குடுக்கக் கூடாதுன்னு விதி.”

உலகத்தில் எல்லோரும் போட்டி குறையட்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். இவள் தலையெழுத்தைப் பாருங்கள், போட்டிக்கு ஆள் பிடிக்க அலைய வேண்டியதாயிற்று! வண்டி ஓட்டுபவரின் பிள்ளைகள் சின்னவர்கள். துவைக்கிறவர்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மிச்சம் இருந்தது, உருளைக்குள் விரிப்பைச் செலுத்துகிற இஸ்திரியக்கா வீடு ஒன்றுதான்.

அங்கேதான் சிக்கல். துவைக்க ஆள் வராத ஒரு நாள், மடிப்பக்காவும் இஸ்திரியக்காவும் சேர்ந்து இயந்திரத்தில் துணி போட்டார்கள். வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் துண்டும் உள்ளே போய், ஓர் ஓட்டல் முழுக்க ரோஜா நிறத்தில் தூங்கியது. நீதான் போட்டாய், இல்லை நீதான் என்று இருவரும் முடியைப் பிடித்துக்கொள்ளாத குறை. அன்றிலிருந்து ஒரே உருளைக்கு முன்னும் பின்னும் நின்றாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போதாததற்கு, இவள் மகளோடு படித்த இஸ்திரியக்கா மகள் வகுப்பிலேயே முதல்.

“அவ போட்டா எனக்குக் கிடைக்காதும்மா,” என்றாள் மகள்.

மடிப்பக்காவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கதவைத் திறந்த இஸ்திரியக்கா, “என்ன, வழி தவறி வந்துட்டியா?” என்றாள்.

மடிப்பக்கா நின்ற இடத்திலேயே ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

“என் பொண்ணு மார்க் தெரியுமில்ல உனக்கு?”

“தெரியும்.”

“அப்புறம் எந்தத் தைரியத்துல வந்து சொல்ற?”

“சொல்லலேன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. உன் பொண்ணாவது படிக்கட்டுமே.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவள் வாசலில் போயா அழுவது என்று அடக்கிக்கொண்டாள்.

இஸ்திரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நேர்முகத் தேர்வு வேலை நாளில் வந்தது. இருவரில் ஒருவருக்குத்தான் விடுப்பு என்றதில் மடிப்பக்காவுக்குக் கிடைக்கவில்லை. இஸ்திரியக்காதான் இரண்டு பெண்களையும் சங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். மதியம் வரை மடிப்பக்கா மடித்த விரிப்புகளில் ஒன்றுகூட நேராக இல்லை.

இஸ்திரியக்கா மூச்சிரைக்க உள்ளே வந்து, இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தினாள். “உன் பொண்ணுக்குத்தான்டி! அங்கேயே சொல்லிட்டாங்க!”

மடிப்பக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே விட்டாள். “ஆனா உன் பொண்ணு மார்க்...”

“மார்க் என்ன பெரிய மார்க்? படிச்சு என்ன செய்யப்போறேன்னு கேட்டாங்க. எங்கம்மா கையைச் சுடுற உருளைக்கு ஒரு தடுப்பு செய்வேன்னு உன் பொண்ணு சொன்னா. அந்த அளவுக்கா சுடும்னு ஒருத்தர் சந்தேகமாக் கேட்டார். நான் பின்னாலதான் உக்காந்திருந்தேன். எழுந்து போய் என் கைத் தழும்பைக் காட்டிட்டேன்.”

“அடிப்பாவி, உனக்கென்ன பைத்தியமா? உன் பொண்ணு என்ன ஆவா?”

“அவ அப்பா பஸ் கம்பெனியிலயும் இது மாதிரி உதவித்தொகை ஒண்ணு சும்மா கிடக்காம். நாளைக்கே போய்க் கேக்கப்போறோம்.” இஸ்திரியக்கா குனிந்து விரிப்பின் ஒரு முனையை எடுத்துக்கொண்டாள். “அதுக்காக இந்தத் தழும்பைக் காட்டாம இருக்க முடியுமா? எனக்கும்தானடி சுட்டுச்சு.”