அசையாமல் வாசிக்கவும்

என் அண்ணன் வயலின் வாசிக்கும்போது சும்மா நிற்க மாட்டான். தோள் ஏறும், இடுப்பு வளையும், ஒரு கால் எதையோ தேடிப் போகும். எங்கள் இசைக்குழுவில் அவனுக்கு வைத்த பெயர் ஊஞ்சல். பல வருஷமாகத் தற்காலிக வயலின்காரன். இந்தத் தேர்வில் நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து சுவருக்கு வாசித்துக்காட்டலாம்.

எங்கள் இயக்குநர் மகா ஞானி. "அசைவு கண்ணுக்கு, இசை காதுக்கு. உடம்பை ஆட்டுறவன் வித்தை காட்டுறான்" என்பார். அதற்காகவே தேர்வில் ஒரு கறுப்புத் திரை கட்டவைத்தார். அந்தப் பக்கம் அவரும் இன்னும் இரண்டு நடுவர்களும். இந்தப் பக்கம் வாசிக்க வந்தவரும், வருகிறவர்களுக்கெல்லாம் பியானோவில் துணை வாசிக்கும் நானும். வாசிப்பவரை நடுவர்கள் பார்த்துவிட்டால் ஆள் அவுட்.

"திரைக்குப் பின்னாடி யாருக்குடா தெரியப்போகுது? இஷ்டத்துக்கு ஆடு" என்றேன்.

"மேடைப் பலகை கிறீச்சுங்கும். கிறீச்சுன்னாலே நான்தான்னு அவருக்குத் தெரிஞ்சிடும். இன்னைக்கு நான் தூண்."

தூணாகவே நின்றான். அவன் மூக்கால் மூச்சை இழுத்துத் தோளைத் தூக்கினால்தான் நான் தொடங்குவது வழக்கம். அன்று மூச்சும் இல்லை, தோளும் இல்லை. நான் உத்தேசமாக ஓரிடத்தில் தொடங்க, அவன் வேறிடத்தில் தொடங்கினான். பிறகு சுரமெல்லாம் சுத்தம்தான். தபால் முத்திரை குத்துவதுபோல ஒவ்வொன்றாக விழுந்தது. அந்தப் பக்கம் யாரோ வாய்விட்டுக் கொட்டாவி விட்டார்.

இடையில் பேசக் கூடாது என்பது விதி. முறைக்கக் கூடாது என்று யாரும் எழுதவில்லை. இரண்டாவது பாட்டுக்கு முன் அவனை நன்றாக முறைத்துவிட்டு, ஜலதோஷக்காரி மாதிரி நானே மூச்சை உறிஞ்சித் தோளைத் தூக்கினேன். அவ்வளவுதான், அவன் உடம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. முழங்கால் இளகியது, வில் நீண்டது, பலகை கிறீச்சிட்டது. சற்றுமுன் முத்திரை குத்திய அதே கைதான், இப்போது அழவைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி இழுப்பில் வில்லின் முனை திரையில் மாட்டிக்கொள்ள, திரை கம்பியோடு சரிந்தது.

அங்கே மூன்று பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் இடுப்பிலிருந்து ஆடினார். என் அண்ணனெல்லாம் அவரிடம் பாடம் கற்க வேண்டும். கம்பி தரையில் மோதிய சத்தத்தில் அவர்கள் கண் திறப்பதற்குள் அண்ணன் பியானோவுக்குப் பின்னால் குனிந்துவிட்டான்.

"பார்த்துட்டோம். விதின்னா விதி" என்றார் இயக்குநர்.

"எங்க சார் பார்த்தீங்க? கண்ணை மூடிட்டு ஆடிட்டுல்ல இருந்தீங்க?" என்றேன்.

"நானா? ஆடினேனா?" சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கண்ணைத் திறந்து வெச்சிக்கிட்டு ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தேன். முழுசாப் பார்த்தேன். ஆள் அவுட்."

மற்ற இருவருக்கும் திடீரென்று தரையில் பார்க்க நிறைய இருந்தது. இயக்குநரின் மானம் போகக் கூடாதல்லவா, அண்ணனின் வேலைதானே, போனால் போகட்டும்.

பியானோவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் மெதுவாக எழுந்தான்.

"இப்பத்தான் சார் என்னைப் பார்க்குறீங்க" என்றான்.