இருமல் காத்த தெரு

அந்தத் தெருவில் எந்தக் கடைக்கும் பூட்டு கிடையாது, இருமல்தான் இருந்தது. சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் இருமல்காரர் கடைகடையாகப் போய், பாதி இறக்கிய ஷட்டருக்குள் தலையை நீட்டி ஒரு தடவை இருமிவிட்டு வருவார். அந்த இருமல் விடியும்வரை உள்ளேயே ஓர் ஓரமாகக் கிடக்கும். வேற்றாள் கால் வைத்தால் எழுந்து இருமும். வந்தவன் செருப்பை விட்டுவிட்டு ஓடுவான். காலையில் கடைக்காரர் அதை விளக்குமாற்றால் வாசலுக்குத் தள்ளிவிட்டு வியாபாரத்தை ஆரம்பிப்பார். சின்னக் கடைக்கு ஒரு இருமல், மாடி வைத்த கடைக்கு இரண்டு. மழைக்காலத்தில் சீக்கிரம் நமுத்துவிடும் என்பதால் ஒன்று கொசுறு. பூட்டு விற்க வந்த ஒருவன் சில நாள் ஈ ஓட்டிவிட்டு மூட்டையைக் கட்டினான். கண்ணாடிச் சாமான் மட்டும் அங்கே யாரும் விற்கவில்லை. இருமலின் அதிர்ச்சியில் விரிசல் விட்டுவிடும். ஆகவே பித்தளை, அலுமினியம், துணி, ரொட்டி என்று உடையாத வியாபாரமாகவே அந்தத் தெரு வளர்ந்தது.

அவரை நல்லவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. மாமூல் தர மறுத்த ஜவுளிக்கடைக்காரரிடம் ஒரு இருமலை இலவசமாகவே விட்டுவிட்டு வந்தார். அது பகலிலும் வெளியேறவில்லை. வந்தவர்கள் விலை கேட்கும்போதெல்லாம் துணி அடுக்குக்குப் பின்னாலிருந்து இருமியது. ஜவுளிக்கடைக்காரர் சீக்கிரமே வழிக்கு வந்தார். ஆனால் பசி தாங்காமல் ஒருத்தி ரொட்டிக்கடைக்குள் நுழைந்து கை வைத்தபோது அங்கிருந்த இருமல் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரசாங்கம் என்று ஒன்று இருப்பது அப்போதெல்லாம் தபால்காரரைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். அந்த நாட்களைப் பேச ஆரம்பித்தால் தெருக்காரர்களுக்கு இன்றும் குரல் இளகிவிடும்.

இருமலின் மறுபக்கம் தெரிந்தவள் அவருடைய மனைவி ஒருத்திதான். தையற்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். ஜன்னலோரத்தில் சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு பொத்தான் துளைகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். அவருடைய துண்டை அவள் தனி வாளியில்தான் ஊற வைப்பாள். முதலில் தண்ணீர் வெறுமனே கலங்கியது. பிறகு இளஞ்சிவப்பானது. அப்புறம் சிவப்பேதான். தெருமுனையில் அரசாங்கம் இலவச ஆஸ்பத்திரி திறந்த அன்று, ஊசியைச் சட்டைக் காலரிலேயே குத்திவிட்டு, அவரை அங்கே கூட்டிப்போக எழுந்தாள். அவள் படி இறங்குவதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவி, பாத்திரக்கடைக்காரர் தலைமையில் ஒரு கூட்டமே வாசலில் வந்து நின்றது.

"ஆஸ்பத்திரி எல்லாம் எதுக்கு தங்கச்சி? இருமல் என்ன வியாதியா? தொழில்மா அது!"

"தொழில் உங்களுக்கு அண்ணே. துண்டைத் துவைக்கிறவ நான்."

மாமூலை இரட்டிப்பாக்குகிறோம், தேன் வாங்கித் தருகிறோம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு தருகிறோம் என்று அவர்கள் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்கள். அவள் மசியவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த இருமல்காரருக்குத்தான் பயம் பிடித்தது. தெருவே எழுந்து வணக்கம் சொல்வது அந்த இருமலுக்குத்தான் என்று அவருக்குத் தெரியும்.

"இது போச்சுன்னா நான் யாருடி?"

"என் புருஷன். போதாதா?"

அவர் வாசலில் நின்ற கூட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

டாக்டர் ஒரு பைசா வாங்காமல் மாத்திரை கொடுத்தார். மாதங்கள் போகப் போக முகத்தில் களை வந்தது, துண்டு வெளுத்தது, கடைகளில் கிடந்த இருமல்கள் பூஞ்சையாகின. ஒருநாள் சாயங்காலம் எவ்வளவு முக்கியும் வெறும் தொண்டைக் கனைப்புதான் வந்தது. அந்த வாரமே பாத்திரக்கடையில் ஆள் உட்காரும் அளவு பெரிய அண்டா ஒன்று காணாமல் போனது. கடைக்காரர் அவள் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டுகிறவர் குரல் அடங்கும் இடைவெளிகளில், உள்ளே புருஷன் சீராக மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைக்காரர்கள் அரசாங்கத்திடம் போனார்கள். போலீஸ் சாவடி வந்தது, கூடவே வரியும் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். அடுத்த சில வருஷங்களில் தெருவில் கண்ணாடிக் கடைகள் முளைத்தன. நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, கூடை கூடையாக வளையல். ரொட்டிக்கடைக்காரர் செத்தபோது அவர் மனைவி யார் முன்னாலும் கை நீட்டாமல் மாதா மாதம் உதவித்தொகை வாங்கினாள். அதே கடையில் ஒரு ரொட்டியை எடுத்தவளைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனபோது மட்டும், வேடிக்கை பார்த்தவர்கள் ஏதோ ஒரு சத்தத்தைத் தேடுகிறவர்கள்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காஜாக்காரிக்குமே அந்தச் சத்தம் இல்லாதது வெறிச்சென்றுதான் இருந்தது. அவள் புருஷன் தெருவில் நடந்து போனால் யாரும் எழுந்திருப்பதில்லை. ஆனால் அவர் இருந்தார். தலை நரைக்கும்வரை, பல் விழும்வரை, இருந்தார்.

முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்க அவள்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார். மேஜைக்குப் பின்னால் ஒரு இளம்பெண் அதிகாரி.

"ஐயா என்ன தொழில் செஞ்சாரு?"

"இருமல்."

அதிகாரி தலை நிமிரவில்லை. "சொந்தத் தொழிலா, கூலிக்கா?"

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு சத்தமில்லாமல் ஏறி இறங்கியது.

"இருமினதெல்லாம் தெருவுக்குத்தாம்மா. வலி மட்டும் சொந்தம்."

அதிகாரி ஒருமுறை பெஞ்சைப் பார்த்தாள். பிறகு சுயதொழில் என்று எழுதி, முத்திரை குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.