இடக்கைக் கத்தி

டீச்சர் வந்தபோது மெல்லிசக்கா உள்ளறையில் ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். அமுக்கிக்கொண்டிருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பந்து கைக்குள் இருந்தது, அவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு வலது பக்கம் முழுவதும் யாரோ சுவிட்சை அணைத்தது போல அடங்கிப்போனது. மூன்றாவது வாரம் பேச்சு திரும்பியது. மூன்றாவது மாதம் கால் திரும்பியது. கை மட்டும் கோபித்துக்கொண்டு போன ஆள் மாதிரி, வரும் வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, வராமலே இருந்தது.

அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. தோலின் ஓரத்தைக் காகிதம் போல மெல்லிசாகச் சீவிவிடுவாள் என்பதால் வந்த பெயர்தான் இது. ஆள் அப்படியொன்றும் மெல்லிசு இல்லை. பெயரைக் கேட்டு முதல் தடவை தேடிவருகிறவர்கள் அவளிடமே "மெல்லிசக்கா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு அசடு வழிவார்கள். "பாதி இங்க இருக்கு, மீதி உள்ள இருக்கு, எது வேணும்?" என்பாள். அப்படிப் பேசியும் எட்டு மாதம் ஆகிறது.

முன்னறைதான் தோல் பட்டறை. அங்கே அவள் வீட்டுக்காரர் டீச்சரிடம் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்டது. டீச்சருக்கு இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. இருபது வயதில் ஒரு விபத்தில் போனது. செயற்கைக் காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை மேலேறி வந்து, தொடையைச் சுற்றிக் கட்டும் தோல் கச்சையில் முடியும். முன்பக்கம் கயிறு கோத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். உடம்பின் பாரத்தில் பெரும்பங்கை அந்தக் கச்சைதான் தாங்கும். மூன்று வருஷத்தில் தோல் தளர்ந்துவிடும், புதிதாகச் செய்தாக வேண்டும். இதுவரை ஐந்து கச்சை. ஐந்தையும் செய்தது மெல்லிசக்கா.

"ஆஸ்பத்திரியில இப்ப பிளாஸ்டிக்ல நல்லா பண்றாங்களாம் டீச்சர். அதைப் பாத்துக்குங்களேன். இங்க இனிமே அந்த வேலை இல்ல" என்று வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிளாஸ்டிக்கையும் போட்டுப் பார்த்துவிட்டதாக டீச்சர் சொன்னார். வியர்த்து வியர்த்துக் கொப்பளம் போட்டுவிடுகிறதாம். இரண்டாவது பீரியடிலேயே நாற்காலியைத் தேட வேண்டியிருக்கிறதாம். உட்கார்ந்துகொண்டு நடத்தினால் கடைசி பெஞ்சில் ஒரு சந்தையே கூடிவிடுகிறதாம். பிறகு கச்சையின் கயிற்றை உருவும் சத்தம் கேட்டது. என்ன நடக்கிறது என்று மெல்லிசக்காவுக்குப் புரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பழைய கச்சையின் உள்தோலை மாற்றிக் கொடுத்தது வீட்டுக்காரர்தான். பை தைப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் பையின் ஓரம் யார் சதையிலும் அழுந்துவதில்லை. டீச்சர் புகார் சொல்ல வந்தவரல்ல. கச்சையைக் கழற்றி, அந்த ஓரம் தொடையில் பதித்திருந்த தடத்தை மட்டும் காட்டியிருப்பார்.

மெல்லிசக்கா எழுந்தாள். பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போனது. முன்னறை வாசலில் போய் நின்று, "இருபது நாள் குடுங்க டீச்சர்" என்றாள்.

வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு புத்தகமே இருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. டீச்சரின் கண் அவளுடைய வலது கைக்குப் போய், போனது தெரியக்கூடாது என்று உடனே திரும்பியது. "அக்கா, நீங்க இருக்கற நிலைமையில..." என்று தொடங்கியவரை, "உக்காருங்க, அளவெடுக்கணும்" என்று நாற்காலியைக் காட்டி அடக்கினாள். தொடை போன தடவையைவிட இரண்டு விரல் இளைத்திருந்தது. டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார்.

டீச்சர் போனதும் அவர் கேட்டார். "இப்ப யாருக்கு எதைக் காட்டணும் உனக்கு?"

"காட்டறதுக்கு இல்ல. அவங்க நிக்கணும்."

அவர் நாற்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து தகர டப்பாவை இறக்கி அவள் முன் வைத்தார். திறந்தால் எல்லாக் கருவிகளும் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி இருந்தன. இனிமேல் வேண்டாம் என்று நினைத்த மனுஷன் எதற்காக மாதாமாதம் எண்ணெய் பூசினார் என்று அவள் கேட்கவில்லை.

முதல் ஏழு நாள் துண்டுத் தோலில் பழகினாள். வேலை ஒன்றுதான்: ஓரத்தை விரலகலத்துக்குச் சீவிச் சீவி, நுனியில் ஒன்றுமே இல்லாமல் ஆக்க வேண்டும். வலது கையில் இருபத்திரண்டு வருஷம் செய்த வேலை. இடது கைக்குக் கத்தி போனதும் அது வேறு யாருடைய கத்தியோ ஆகிவிட்டது. இரண்டு இழுப்பு ஒழுங்காக வரும், மூன்றாவதில் முனை தோலுக்குள் குழி பறிக்கும். அழுத்தாமல் விட்டால் மேலே வழுக்கிக்கொண்டு ஓடும். மேஜைக்குக் கீழே பாழான துண்டுகள் குவிந்தன. இடது கைக்கு மூளை இல்லை என்று அதைத் திட்டினாள். முன்பு இதே மேஜையில் காய் நறுக்குவது போல எதையும் யோசிக்காமல் சீவிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சங்கதிகளைப் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வர, இன்னும் நாலு திட்டு திட்டினாள்.

எட்டாம் நாள் காலையில் தோலை எடுக்கவில்லை. கத்தியை மட்டும் மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். சாய்வாக வெட்டிய முனை. ஒரு பக்கம் மட்டும் தீட்டியது, மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கம் தோலோடு படிந்து போக வேண்டும், தீட்டிய பக்கம் மேலே பார்க்க வேண்டும். வலது கையில் பிடித்தால் அப்படித்தான் இருக்கும். இடது கையில் பிடித்துச் சாய்த்தால் தீட்டிய பக்கம் கீழே திரும்பி, மண்வெட்டி மாதிரி தோலைப் பார்த்துக் குனிகிறது. அவள் கத்தியை இரண்டு மூன்று முறை புரட்டிப் பார்த்தாள். ஏழு நாளாகக் கைமேல் பழி போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கை என்ன செய்யும்? கத்தி வலது கைக்காரர்களுக்குப் பிறந்தது.

அன்றைக்கே பஸ் ஏறி டூல்ஸ் கடைக்குப் போனாள். கூட வருகிறேன் என்ற வீட்டுக்காரரை, வந்தால் வழியெல்லாம் 'பாத்து, பாத்து' என்று சொல்லிக்கொண்டே வருவீர்கள் என்று விட்டுவிட்டுப் போனாள். காதில் பென்சில் செருகியிருந்த கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். வெல்வெட் குழிகளில் பன்னிரண்டு சாமான் படுத்திருந்தன. எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அவள் பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு, தோலில் துளை போட, உதிரியாக டப்பாவில் கிடக்கும் குத்தூசிகளைக் கேட்டாள். ஒவ்வொன்றாக இடது உள்ளங்கையில் வைத்து மூடினாள். வார்னிஷ் அடித்த பிடிகளை ஒதுக்கினாள். கை வியர்த்தால் அவை சுழலும். ஒல்லிப் பிடிகளை ஒதுக்கினாள். தள்ளும்போது அவை உள்ளங்கைக்குள் குடையும். அடிப்பக்கம் பருத்து, கையை நிறைக்கிற கச்சாக் கட்டைப் பிடி ஒன்று கிடைத்தது. அதன் ஊசி உருண்டை இல்லை, நாலு பட்டை கொண்டது. உருண்டை ஊசி போட்ட துளை நாளாக ஆக வாயைப் பிளக்கும். பட்டை ஊசி கீறிய துளை நூலை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். முனையை வலது கைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். வழுக்காமல் ஊன்றி நின்றது.

"யாருக்கும்மா வாங்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"இதுக்கு" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

இடக்கைக்குச் சீவும் கத்தி அவரிடம் இல்லை. இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்றார். தீட்டாத வெறும் தகடு இருக்குமா என்று கேட்டு, பின்னறையில் தேடவைத்து, ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டு கடை தள்ளியிருந்த சாணைக்காரரிடம் போனாள். முனையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எந்தப் பக்கம் தீட்ட வேண்டும் என்று தகட்டிலேயே சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தாள். அவர் தகட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது தலைகீழா இருக்கும்மா. இப்படி யாரும் தீட்டமாட்டாங்க."

"நானே தலைகீழாத்தான் ஆயிருக்கேன். நீங்க தீட்டுங்க."

சக்கரம் சுற்றத் தொடங்கியதும் அவள் தண்ணீர் டப்பாவை அவர் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். ஒரு இழுப்புக்கு ஒரு முக்கு. சூட்டில் முனை நீலம் பூத்துவிட்டால் அந்த இரும்பு செத்துப்போகும், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. மூன்றாவது இழுப்புக்கு அவர் முக்க மறந்தார். அவள் அவர் தோளைத் தட்டினாள். அதற்குப் பிறகு அவர் மறக்கவில்லை.

கடைசிக் கூர்மையை வீட்டில் சாணைக்கல்லில் அவளே ஏற்றினாள். இடது கை கத்தியை நகர்த்த, வலது கையைத் தூக்கி முனைமேல் வைத்தாள். அழுத்தத் தெரியாத அந்தக் கைக்குப் பாரமாகக் கிடக்கத் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது. மாலையில் ஒரு துண்டுத் தோலின் ஓரத்தில் கத்தியை வைத்து இழுத்தாள். சத்தமில்லாமல் ஒரு சுருள் எழுந்தது. இன்னொரு இழுப்பு, இன்னொரு சுருள். வீட்டுக்காரர் வந்து அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பேப்பரே படிக்கலாம் போல" என்று சொல்லிவிட்டு, அந்தச் சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அத்தோடு எல்லாம் நேராகிவிடவில்லை. தோலை வெட்டி, நனைத்து, புதிய அளவுக்குச் செதுக்கிய அச்சின்மேல் இழுத்துக் கட்டி, இரண்டு நாள் காயவைத்து எடுத்தாள். ஓரம் அருமையாக வந்தது. பதினான்காம் நாள், இரட்டைப் பலகை இடுக்கியைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துத் தோலைக் கவ்வவிட்டு, தையலுக்குத் துளை போட ஆரம்பித்தாள். நாற்பது துளை வரைக்கும் நேர்க்கோடு. பிறகு மணிக்கட்டு ஓய்ந்துபோனது அவளுக்கே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கடைசிப் பதினொரு துளையும் ஓரத்தை நோக்கிச் சரிந்து போயிருந்தன. ஓரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் விழுந்த துளை பாரம் ஏறினால் கிழியும். வகுப்பு நடுவில் கிழியலாம், ரோட்டைக் கடக்கும்போதும் கிழியலாம். அதன்மேல் ஒரு பட்டை வைத்து மறைத்துவிடலாமே என்று மனசு ஒரு வழி சொன்னது. அவள் பெரிய கத்திரியை எடுத்து, அதன் ஒரு பிடியை மேஜையில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, அந்தக் கச்சையைக் குறுக்கே இரண்டாக வெட்டினாள்.

வீட்டுக்காரர் பதறி எழுந்து வந்து, வெட்டிய இரண்டு பாதியையும் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். அதே தோலில் இன்னும் ஒரு கச்சைக்குத்தான் இடம் இருந்தது. ஆறு நாள்தான் இருந்தது. எல்லாவற்றையும் தானே செய்தாக வேண்டும் என்று யார் சொன்னது என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்கு வந்தது. ஐந்து கச்சையையும் தனியாகச் செய்தாள், சரி. அப்போது செய்ய முடிந்தது, செய்தாள்.

"துளை நீங்க போடுங்க" என்றாள். "கோடு நான் போட்டுத் தர்றேன். ஓரமும் தையலும் நான்."

"அப்ப அது நீ செஞ்ச மாதிரி இருக்குமா?"

"டீச்சர் தொடைக்கு யார் செஞ்சதுன்னு தெரியவா போகுது?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கவராயத்தால் கோடு இழுத்து, ஒவ்வொரு துளைக்கும் புள்ளி வைத்துத் தந்தாள். புதுக் குத்தூசியை அவர் கையில் கொடுத்தபோது, பிடி பெரிதாக இருக்கிறது என்று முனகினார். இரண்டாவது நாள் அதைத் திருப்பித் தர மனசில்லாமல் வைத்துக்கொண்டார். தையலுக்கு இரண்டு ஊசி, இரண்டு கை வேண்டும். வலது கை ஊசியை வாங்கிக்கொள்ளும், இழுக்காது. அவள் ஒரு தோல் வாரை வளையமாகத் தைத்து வலது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். அதில் ஒரு சின்னக் கொக்கி. நூலைக் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி, தோளோடு சேர்த்துக் கையைப் பின்னால் இழுத்தால் தையல் இறுகியது. ஒரு தையலுக்கு முன்பு ஆனதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆனது. தோள்பட்டை வலித்தது. வலிக்கிறது என்பதே நல்ல செய்திதான் என்று வைத்துக்கொண்டாள். எட்டு மாதமாக அந்தப் பக்கத்தில் எதுவுமே வலித்ததில்லை.

இருபதாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் வந்தார். கச்சையை மாட்டிக் கயிறு இழுத்துக் கட்டியதும், மெல்லிசக்கா இடது ஆள்காட்டி விரலை உள்ஓரத்தில் விட்டுச் சுற்றிலும் ஒரு தரம் ஓட்டினாள். டீச்சர் எழுந்து நின்றார். நாலடி நடந்தார், திரும்பினார், நின்றார்.

"உள்பக்கம் ஒரு இடத்துல மட்டும் லேசா..." என்றார் தயங்கித் தயங்கி.

வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது. மெல்லிசக்கா சாக்பீஸை எடுத்து, "எங்க, விரல் வைங்க" என்று கேட்டு, வைத்த இடத்தில் குறி போட்டு, கச்சையைக் கழற்றி வாங்கினாள். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே மேஜை விளிம்பில் வைத்து, புதுக் கத்தியால் இரண்டே இழுப்பு. விழுந்த சுருளை ஊதித் தள்ளிவிட்டு மறுபடியும் மாட்டச் சொன்னாள். இந்தத் தடவை டீச்சர் வாசல்வரை போய் வந்தார். கச்சையை மேலாகத் தடவிப் பார்த்துக்கொண்டு, ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னார்.

"ஒரு வாரம் எதுக்கு டீச்சர்? நாளைக்கு அஞ்சு பீரியடும் நின்னுட்டு வந்து சொல்லுங்க."

டீச்சர் சிரித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, தெருமுனை பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். மெல்லிசக்கா வாசலுக்கு வந்து நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். நடையில் எப்போதும் இருக்கும் சாய்வு இருந்தது. கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரரும் பின்னால் வந்து நின்றார். ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் அவர்களோடு போய் நின்றார். பஸ் இன்னும் வரவில்லை. ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், குனிந்து வலது பாதத்தைப் பார்த்தார். பிடித்துக்கொள்ளக் கம்பமோ சுவரோ எதுவும் பக்கத்தில் இல்லை. தேடவும் இல்லை. கச்சை கட்டிய இடது காலில் அப்படியே நின்றபடி வலது காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றி, அதற்குள்ளிருந்த கல்லைத் தட்டி உதறிக்கொண்டிருந்தார்.