மழையில் போன சிபாரிசுக் கடிதம்

ஒன்பதாம் வார்டில் எழவு விழுந்தால், பாதிரியாருக்கு முன்னால் கவுன்சிலர் ஹேன்ரட்டி வந்து நிற்பார். பத்தொன்பது வருஷமாக அவர் ஜெயித்ததே எழவு வீடுகளில்தான். முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு மூலையில் உட்கார்ந்தால் போதும், அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த சனம் ஒவ்வொருவராக வந்து காதோடு கேட்கும். ஒருவனுக்கு டிராமில் வேலை, ஒருத்திக்கு ஒரு மூட்டை நிலக்கரி. எல்லாருக்கும் ஒரே பதில்: "நான் பாத்துக்கறேன்." சும்மா சொல்லக் கூடாது, பார்த்தும் கொள்வார்.

அப்படித்தான் மச்சான் ஃபீனியையும் பார்த்துக்கொண்டார். படியேறினால் மூச்சு வாங்கும் மனுஷனுக்குக் கட்டட இன்ஸ்பெக்டர் உத்தியோகம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தே மாடி வீடுகளுக்கெல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தான் அந்தப் புண்ணியவான்.

அக்டோபரில் மில் தெருவில் ஒரு படிக்கட்டு இடிந்து விழுந்தது. செத்தது டைர்னனின் மகள் ஹனோரா, ஒன்பது வயது. டைர்னன் ஹேன்ரட்டியின் வலது கை. தேர்தலன்று அந்தத் தெருவே அவன் பின்னால் வந்து ஓட்டுப் போடும்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. ஃபீனி சமாச்சாரம் தெரிந்தால் டைர்னன் போவான், தெருவும் போகும். இருந்தும் ஹேன்ரட்டி அந்த எழவு வீட்டுக்குப் போனார். சின்னப் பெட்டி. டைர்னன் அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போனான்.

"தலைவரே, எனக்கு வேலை போட்டுக் கொடுத்ததுக்கு அப்புறம் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. அந்தப் படிக்கட்டு நல்லாருக்குன்னு எழுதினவன் யாரு? அவனை வேலையை விட்டுத் தூக்கணும்."

என் மச்சான்தான்டா என்று சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது. பழக்கதோஷத்தில் வேறு வார்த்தை வந்து விழுந்தது.

"நான் பாத்துக்கறேன்."

டைர்னன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

தேர்தலன்று கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, தெருவையே கூட்டி வந்தான். ஒரு ஓட்டுக்கூடக் குறையவில்லை. சாயங்காலம் சாராயக்கடையில் ஒரே கும்மாளம். டைர்னன் மட்டும் தொப்பியும் கையுமாக வாசலில் நின்றான்.

"உன்னை மறக்க மாட்டேன்டா," என்றார் ஹேன்ரட்டி.

"ஃபீனி எப்படி இருக்காரு, தலைவரே?"

ஹேன்ரட்டி உள்ளே குடித்துக்கொண்டிருந்த ஃபீனி பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்காக நீங்க எழுதின சிபாரிசு லெட்டரை நகரசபைக்குக் கொண்டுபோனது நான்தானே. அன்னிக்கு நல்ல மழை. நனையக் கூடாதுன்னு சட்டைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனேன்."

"தெரிஞ்சுமா... எனக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தே?"

"சமையக்கட்டுல நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. நான் என்ன பண்ண? வீட்ல இன்னும் மூணு புள்ளைங்க இருக்கு. என் வேலையும் உங்க லெட்டர்ல வந்ததுதான்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு, காலையில் ஆறு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தான். உள்ளேயிருந்து ஃபீனி, கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேன்ரட்டியைக் கூப்பிட்டான். அவர் உள்ளே போனார்.