கோபுரம் இல்லாத டப்பா

1993இல் ராஜபாளையத்து அச்சகம் ஒன்றில் படம் வரையும் வேலை எனக்கு. பால்கோவாக் கடைக்காரர்கள் வந்தால் டப்பாவுக்குக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அதே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம், அதே பசுமாடு, அதே சிவப்பு எழுத்து. மாட்டுக்கே சலித்திருக்கும், இவர்களுக்குச் சலிக்கவில்லை.

அந்த எரிச்சலில், யாரும் கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஆசைக்கு டப்பா வரைந்தேன். இல்லாத கடைகளுக்கு நானே பெயர் வைத்தேன். பன்னிரண்டாவது டப்பா வெள்ளை அட்டை. நடுவில் ஒரேயொரு பால் துளி. அதில் அரைக் கிலோ நல்ல பால்கோவாவை நிரப்பி, வத்திராயிருப்பிலுள்ள அக்கா அசீனா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே மாப்ள, இது என்ன சோப்பா?"

"பால்கோவா மச்சான்."

"கோபுரத்தக் காணோமே! எவனோ ஒன்னைய நல்லா ஏமாத்திட்டான்."

கல்யாண வீட்டில் இரண்டு பந்தி உட்காரும் மனிதர், விரலால்கூடத் தொடாமல் மூடிவைத்தார். அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள்.

ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது, என் பிள்ளைகளுக்குக் கால் கிலோ பால்கோவா கேட்டேன். கடைக்காரர் வெறும் வெள்ளை டப்பாவில் போட்டு நீட்டினார்.

"அண்ணாச்சி, கோபுரம் போட்ட டப்பால தாங்க" என்றேன். "இது எங்க செஞ்ச சரக்கோ, யாருக்குத் தெரியும்?"